சீட்டும் வேண்டும், கட்டிலும் வேண்டும்

(நம் சங்கத்தின் ஒன்றுகூடலை ஒட்டி, பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த வழிகாட்டு நிகழ்ச்சியில், 2011-ஆம் ஆண்டு வெளிவந்த மெக்கானிக்கல் பிரிவு மாணவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். தலைப்பு, 'கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' செயலாளர் அண்ணன் போனில் தலைப்பைச் சொன்னதும், "அண்ணே, இது பாதித் தலைப்புதான். மீதிப் பாதியை நானே சேர்த்துக்கறேன்" என்றேன். "அது என்னப்பா மீதி?" என்று கேட்டார். "ஹாஸ்டல்" என்றேன். சிரித்தார். அவரும் நம் ஹாஸ்டலில் நான்கு வருடம் சாம்பாரில் பருப்பைத் தேடியவர்தானே!

சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வகுப்பும் லேபும் சேர்ந்தால் சுமார் 35 மணி நேரம். மிச்சம் 133 மணி நேரம் உங்கள் பிள்ளை எங்கே இருக்கப் போகிறான், என்ன சாப்பிடப் போகிறான், யாரோடு பேசப் போகிறான், எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறான்? அந்த 35 மணி நேரத்துக்காக நாம் ஆறு மாதம் விசாரிக்கிறோம். இந்த 133 மணி நேரத்தைப் பற்றிச் சேரும் அன்று காலையில், கையில் பெட்டியோடு நின்றுகொண்டுதான் விசாரிக்கிறோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். படிப்பு சித்திரம் என்றால் தங்குமிடம்தான் சுவர். இரண்டையும் ஒரே முடிவாக எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அன்றும் இன்றும்

நான் சேர்ந்தது 2007-ல். நுழைவுத் தேர்வு ரத்தாகி, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பொறியியல் சேர்க்கை நடந்த முதல் வருடம் அது. கவுன்சலிங்குக்கு நேரில் கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். வெளியே ஆளுக்கு ஆள் கல்லூரி நோட்டீஸைக் கையில் திணிப்பார்கள். உள்ளே திரையில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் குறையும். கூடவே அப்பாக்களின் முகமும் மாறும். சில நிமிடத்தில் நான்கு வருடத்துக்கான முடிவு.

2018 முதல் எல்லாம் ஆன்லைன். 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. வீட்டிலிருந்தபடியே, நிதானமாக யோசித்து விருப்பப் பட்டியலைப் பதியலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அன்றைக்குக் கிண்டி வரைக்குமாவது வீட்டை விட்டுக் கிளம்பினோம். அங்கே நாலு ஊர்க்காரர்களிடம் நாலு வார்த்தை விசாரித்தோம். இன்றைக்கு ஊரை விட்டு நகராமலேயே சீட் வந்துவிடுகிறது. எத்தனையோ குடும்பங்கள் கல்லூரியை முதன்முதலாகப் பார்ப்பதே பணம் கட்டும் நாளில்தான். ஒரு சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், நாலு வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போய்ப் பார்ப்பதில்லை!

பட்டியல் எழுதும் முன்

முதலில் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்-ஆஃப் 200-க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில்தான் பிறந்த தேதி, அதற்கும் பிறகு ரேண்டம் எண். ரேண்டம் எண் வந்த அன்றைக்கே சாமி கும்பிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வேலை வருவது மிக மிக அபூர்வம்.

விருப்பப் பட்டியலைக் கணினி மேலிருந்து கீழே படிக்கும். உங்கள் முறை வரும்போது எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அந்த முதல் இடத்தை உங்களுக்கு ஒதுக்கிவிட்டு நின்றுவிடும். அதனால், 'இது நமக்குக் கிடைக்காது' என்று நினைத்து, பிடித்த இடத்தைக் கீழே இறக்காதீர்கள். மேலே எழுதியதால் ஒரு நஷ்டமும் இல்லை. அதேபோல், கிடைத்தாலும் சேர மாட்டோம் என்ற கல்லூரியைப் பட்டியல் நீளத்துக்காக எழுதாதீர்கள். அதுவே வந்து நிற்கும். ஹாஸ்டல் விசாரணை இங்கேதான் உதவும். தங்க வசதி இல்லாத இடம், அல்லது உங்கள் வசதிக்கு மீறிய இடம் என்றால், சீட் வந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? பட்டியல் எழுதும்போதே தெரிய வேண்டும்.

கல்லூரியைப் பற்றி என்னென்ன பார்க்கலாம்?

நாக் கிரேடு என்று பெரிய பேனர் வைத்திருப்பார்கள். அது கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது. நீங்கள் சேரப் போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். அது பிரிவு வாரியாகக் கொடுப்பது. ஒரே கல்லூரியில் ஒரு பிரிவுக்கு இருக்கும், அடுத்த பிரிவுக்கு இருக்காது.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்துவது எல்லாம் அவர்களே. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்துவது பல்கலைக்கழகம். அவற்றின் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி வாரியாக அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. நோட்டீஸில் இருக்கும் நூறு வாசகத்தைவிட அந்த ஒரு எண் அதிகம் பேசும்.

பிளேஸ்மென்ட் விஷயம். ஒரு மாணவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, இத்தனை லட்சம் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு நம் வாழ்த்துகள். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது, நடுவில் நிற்கும் பிள்ளையின் சம்பளம். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் யார் நிற்பாரோ, அவர் வாங்குவதுதான் மீடியன். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-ல் தொடங்கியது. அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் இந்த எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கல்லூரியின் இணையதளத்திலேயே அந்த அறிக்கை இருக்கும். தரவரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் விவரம்தான் சரக்கு.

இன்னொன்று. நன்றாகச் செயல்படும் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, 2024-25 கல்வியாண்டிலிருந்து ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் சயன்ஸில் இடங்களைக் கூட்டிய கல்லூரிகள் உண்டு. சீட்டைக் கூட்டுவது காகித வேலை. கட்டில், கழிப்பறை, ஆசிரியர் எல்லாம் அதே வேகத்தில் கூடினவா என்று கேட்பது நம் வேலை.

'பிரிவு முக்கியமா, கல்லூரி முக்கியமா?' என்று கேட்பீர்கள். பிள்ளைக்குப் பிடிக்காத பிரிவை எந்தக் கல்லூரியாலும் பிடிக்க வைக்க முடியாது. ஆனால் இரண்டு இடம் ஏறக்குறைய சமம் என்று வந்தால், மாலை ஐந்து மணிக்கு மேல் உயிரோடு இருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும் குழுவில் சில வருடமாக உட்காருகிறேன். சான்றிதழைப் புரட்டிவிட்டு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சாயங்காலம் என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தே?" பாஹா போட்டிக்கு வண்டி கட்டினோம் சார், ராத்திரி பத்து மணி வரைக்கும் வெல்டிங் பண்ணினோம் சார் என்று கண் மின்ன ஒரு பையன் சொல்லும்போது எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். இந்த வேலையெல்லாம் நாலரை மணிக் கல்லூரிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைக்குச் சுலபத்தில் வாய்க்காது.

ஹாஸ்டலில் கேட்க வேண்டியவை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். ஹாஸ்டலில் இடம் பிடித்துப் பார் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இடம். முதலாம் ஆண்டு மாணவர் எல்லோருக்கும் இடம் உறுதியா, இல்லை முதலில் பணம் கட்டியவருக்கு முதல் இடமா? ஒரு அறையில் எத்தனை பேர்? இரண்டாம் ஆண்டிலும் இடம் உண்டா, இல்லை வெளியே போகச் சொல்வார்களா?

இரண்டு, பணம். 'ஹாஸ்டல் ஃபீஸ்' என்று ஒரே எண்ணைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறை வாடகை எவ்வளவு, மெஸ் முன்பணம் எவ்வளவு, காஷன் டெபாசிட் எவ்வளவு, கரண்ட் தனியா, பராமரிப்பு தனியா என்று பிரித்துக் கேளுங்கள். எது திரும்ப வரும், எது வராது என்று எழுத்தில் வாங்குங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். பிள்ளை வேறு இடம் கிடைத்து மாறினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, குறித்த நாளுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. இது தெரியாமல் கண் கலங்கி நிற்கும் பெற்றோர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்று, மெஸ். மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்த மெஸ் ஒரு வகை. டிவைடிங் மெஸ் இன்னொரு வகை. டிவைடிங் என்றால் என்ன? ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 200 பேர், 30 நாள், மொத்தம் 6,000 சாப்பாட்டு நாள். அந்த மாதச் செலவு 6 லட்சம் ரூபாய் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். பொங்கலுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போனால் அரிசி, காய்கறிச் செலவு குறையும். சமையல்காரர் சம்பளம் குறையாது. அதனால் ஒரு நாள் விலை கூடும். ஊருக்குப் போகும் நாளுக்குக் கழிவு உண்டா, எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். டிவைடிங் மெஸ்ஸில் மாணவர் பிரதிநிதிகள் கணக்குப் பார்ப்பார்கள். என் முதல் நிர்வாகப் பாடத்தை நான் படித்தது வகுப்பில் இல்லை, மெஸ் பிரதிநிதியாக வெங்காய விலையோடு மல்லுக்கு நின்றபோதுதான்.

நான்கு, தண்ணீர். 2019 கோடையில் சென்னை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கிணறா, போர்வெல்லா, லாரியா என்று கேளுங்கள். குடிக்கும் தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். வரவேற்பறையில் கிரானைட் போட்டிருக்கிறதா என்பதைவிட அது முக்கியம்.

ஐந்து, நேரம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர்கள் கவனியுங்கள். "எங்க ஹாஸ்டல்ல ஆறரைக்கே கதவைச் சாத்திடுவோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நமக்கும் கேட்க நிம்மதியாக இருக்கும். உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: நூலகமும் கம்ப்யூட்டர் லேபும் எத்தனை மணி வரைக்கும்? எட்டு மணி வரை என்றால், அந்த ஒன்றரை மணி நேரம் பையன்களுக்கு மட்டுமா? நம் பெண்ணும் அதே கட்டணம்தானே கட்டுகிறாள்? விடுதிக்குள்ளேயே படிக்கும் அறையும் இணைய வசதியும் இருக்கிறதா? பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். அதற்கான விலையைப் பெண்ணின் படிப்பிலிருந்து கழிக்கக் கூடாது.

ஆறு, உடம்பு. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்ப வேண்டும்? வண்டி இருக்கிறதா? வார்டன் உள்ளேயே தங்குகிறாரா, இல்லை பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறாரா?

இதையெல்லாம் கேட்கச் சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலையில் போகாதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். அனுமதி கேட்டு மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். சுற்றிக் காட்ட வருபவரிடம் பேசுவதைவிட, தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டுப் பையனிடம் பேசுங்கள். அவன் பொய் சொல்ல மாட்டான். சொல்ல நேரமும் இருக்காது.

கல்லூரி விடுதியில் இடம் இல்லை, அல்லது கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு வழியும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறைகள் கல்லூரி மாணவர்களுக்கு விடுதிகள் நடத்துகின்றன. சாப்பாடும் தங்குவதும் இலவசம். 2025-ல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். வருமான வரம்பு போன்ற நிபந்தனைகள் உண்டு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தால் தானாகக் கிடைத்துவிடாது. கலெக்டர் ஆபீஸில் இருக்கும் அந்தந்த நலத் துறை அலுவலகத்தில் முன்னாலேயே விசாரியுங்கள். தனியார் பெண்கள் விடுதி என்றால், அவற்றை ஒழுங்குபடுத்த 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. வாசலில் கோலம் அழகாக இருக்கிறது என்பதற்காகச் சேர்த்துவிடாதீர்கள்.

பஸ்ஸில் கரைந்த நேரம்

"பக்கத்து ஊர்தானே, போய்ட்டுப் போய்ட்டு வரட்டும்" என்று நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு நண்பன். பெயர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம். தமிழ் வழியில் படித்து நல்ல கட்-ஆஃபோடு வந்தவன். டியூஷன் ஃபீஸுக்கு எப்படியோ புரட்டிவிட்டார்கள். ஹாஸ்டல் முன்பணத்துக்கு முடியவில்லை. விடிகாலை ஐந்து பத்துக்கு அவன் ஊரில் முதல் பஸ். நடுவில் ஒரு இடத்தில் மாற வேண்டும். போக இரண்டே கால் மணி நேரம், வர இரண்டே கால் மணி நேரம். ஒரு நாளைக்கு நாலரை மணி. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 405 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 வகுப்பு நடத்துவார்கள். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்பது பாடத்தின் மொத்த வகுப்பு நேரத்தையும் அவன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கழித்தான்.

நாங்களெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு அறையில் கூடுவோம். கணக்கு தெரிந்தவன் கணக்குச் சொல்லித் தருவான், டிராயிங் தெரிந்தவன் டிராயிங். வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடிப்போனதை அங்கேதான் தமிழில் பிடித்து நிறுத்துவோம். தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்கு அந்த ராத்திரி வகுப்பு எவ்வளவு பெரிய துணை என்று, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் அவன் ஊரில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பான். முதல் வருட முடிவில் மூன்று அரியர். எங்களைவிடப் புத்திசாலி, மூன்று அரியர்!

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் டிபார்ட்மென்டில் ஒரு சாருக்கு விஷயம் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் அவர் ஹாஸ்டல் முன்பணத்தைக் கட்டினார். "வேலைக்குப் போய்த் திருப்பிக் கொடு" என்று மட்டும் சொன்னார். என் பக்கத்துக் கட்டிலுக்கு அவன் வந்து சேர்ந்தான். நான்காவது செமஸ்டர் முடிவில் மூன்று அரியரும் போய்விட்டது. இன்று அவன் டிசைன் இன்ஜினியர். சாருக்கு அந்தப் பணத்தை முதல் வருடச் சம்பளத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். பிள்ளை மாறவில்லை, புத்தி மாறவில்லை, பாடமும் மாறவில்லை. மாறியது ஒரு கட்டில்தான்.

தம்பி தங்கைகளுக்கு

சேர்ந்த முதல் மாதம் வீட்டு ஞாபகம் வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வெள்ளிக்கிழமையானால் ஊருக்கு ஓடாதீர்கள். முதல் சில வாரம் தாங்கிவிட்டால் அந்த இடம் உங்களுடையதாகிவிடும். பெற்றோர்களே, நீங்களும் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்து, "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே" என்று கேட்டு அழ வைக்காதீர்கள். ஒரு தடவை கூப்பிடுங்கள், ஆனால் நிதானமாகப் பேசுங்கள்.

அறைத் தோழன் யார் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், தெரிந்தவனையே தேடாதீர்கள். ஒரே பள்ளியிலிருந்து வந்த நாலு பேர் ஒரே அறையில் இருந்தால், அது அதே பள்ளியின் ஐந்தாம் வருடம். பெயரைக் கேட்டதும் ஊரைக் கேட்டு, ஊரைக் கேட்டதும் தெருவைக் கேட்கும் பழக்கம் வெளியில் இருக்கிறது. அதை ஹாஸ்டல் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ராகிங் பற்றி மூத்தவர்களையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் விடுதியில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. 1997-ல் இந்த மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் யு.ஜி.சி. நாடு முழுமைக்கும் விதிமுறை கொண்டுவந்தது. முதலாம் ஆண்டு மாணவர்களைக் கூடியவரை தனிப் பகுதியில் தங்க வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போகும் விடுதியில் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். புகாருக்கு 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது.

அண்ணன்மார்களே, நம் ஒன்றுகூடல்களில் சாப்பாட்டுப் பந்தியில் பழைய ராகிங் கதைகளைச் சிரிப்பாகச் சொல்கிறோம். அன்று அந்த அறையில் நின்றவனும் சிரித்தானா என்று நமக்குத் தெரியாது. ஒன்றுகூடலுக்கே வராமல் இருக்கும் நம் வகுப்பு நண்பர்கள் சிலர் ஏன் வருவதில்லை என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? இந்தப் பிள்ளைகள் முன்னால் அந்தக் கதைகள் இனி வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலில் சேரும் பிள்ளைகளுக்கு, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். பெரிய காரியம். முதல் பட்டதாரிச் சலுகையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான், ஹாஸ்டலுக்கு இல்லை. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளை 7.5-க்குள் வர மாட்டான். இரண்டு படிக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லாமல் சில பிள்ளைகள் நிற்கிறார்கள். என் நண்பன் நின்றது அங்கேதான்.

ஒவ்வொரு வருடமும் வெள்ளி விழா பேட்ச், பொன்விழா பேட்ச் என்று கல்லூரிக்கு ஏதாவது செய்கிறோம். வளைவு கட்டியிருக்கிறோம், கடிகாரம் வைத்திருக்கிறோம். நல்லதுதான். நான் கேட்பது, 'ஒரு பேட்ச், ஒரு கட்டில்'. ஒவ்வொரு பேட்சும் வருடத்துக்கு ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளையின் ஹாஸ்டல் முன்பணத்தை ஏற்கட்டும். வட்டியில்லாக் கடன். வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கொடுத்தால் அடுத்த பிள்ளைக்குப் போகும். யார் என்று முடிவு செய்வதை டிபார்ட்மென்ட் ஆசிரியர்களிடம் விட்டுவிடுவோம். மேடைக்கு அழைத்துப் பெரிய செக்கைப் பிடிக்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம். அந்த சார் படம் எடுக்கவில்லை.

இரண்டாவது, விருப்பப் பட்டியல் பதியும் நாட்களில் மாவட்டத்துக்கு இரண்டு பேராவது போனை எடுத்துப் பதில் சொல்வோம். நம் கல்லூரியில் சேரச் சொல்லி அல்ல. அந்தப் பிள்ளைக்கு எது பொருந்துமோ அதைச் சொல்வோம். பெண் பிள்ளைகளுக்கு நம் அக்காமார்கள் பேசினால் இன்னும் நல்லது. ஹாஸ்டலைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல, அங்கே இருந்தவர்களைவிட வேறு யார் இருக்கிறார்கள்?

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். 2011 பேட்ச் சார்பில் இந்த வருடத்துக்கான முதல் கட்டிலை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். பதிவு மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பேட்ச்கள் எழுதலாம். பின்பக்கத்திலிருந்து பெற்றோர்கள் தங்கள் பெயரும் கேள்வியும் எழுதலாம், பிள்ளையின் கட்-ஆஃப் எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் யாராவது ஒருவர் பேசுவார். சாப்பிடப் போகும் முன் எழுதிவிட்டுப் போங்கள். இன்றைய சாம்பாரில் பருப்பு இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.